செய்தி எந்த ஏட்டில் பதிகிறது?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வந்து சேரும் சரக்கில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. நிலக்கோட்டை மல்லிகைக்குக் காலையில் ஒரு விலை, வரத்து கூடியதும் வேறொரு விலை. சின்னாளப்பட்டிச் சுங்குடி, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, நத்தத்துச் சட்டைகள், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் நூல் என்று திண்டுக்கல் மாவட்டச் சமவெளியின் பெரும்பாலான வணிகத்துக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. வாங்குபவர் வெளியூரில் இருக்கிறார். சரக்கு வண்டி ஏறுவதற்கு முன்பே விலையும் அளவும் பேச்சில் முடிந்துவிட வேண்டும். முன்பு தொலைபேசியில் நடந்த அந்தப் பேச்சு இன்று கைப்பேசிச் செய்தியாக நடக்கிறது. ஆகவே இங்குள்ள ஒரு கடைக்கோ ஆலைக்கோ இணையச் செயலி எழுதித் தருகிறவரிடம், ஆர்டர் பக்கம் முடிந்ததும் அடுத்து வரும் கோரிக்கை அதற்குள்ளேயே ஒரு சாட் வசதி வேண்டும் என்பதுதான். நிரலாளர் இணையத்தில் ஒரு லைப்ரரியைத் தேடி எடுக்கிறார், இரண்டு வரிகளைப் பக்கத்தில் ஒட்டுகிறார், மூலையில் ஒரு பெட்டி முளைக்கிறது. வேலை அரை நாளில் முடிந்துவிடுவதாலேயே, அதற்குள் எடுக்கப்படும் முடிவு எவ்வளவு பெரியது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. வணிகச் செயலியில் செய்தி என்பது ஓர் ஆவணம். அந்த ஆவணம் முதலில் செயலியின் சொந்தத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும். லைப்ரரி அதைச் சுமந்து செல்லும் மாற்றத்தக்க கருவியாக மட்டுமே இருக்க வேண்டும். அப்படி மாற்றத்தக்கதாக வைத்திருக்க, யாரும் பயன்படுத்தத்தக்க திறந்த நெறிமுறையைவிட நம்பகமான வழி இதுவரை இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், இந்த லைப்ரரிகள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். சாதாரண இணையப் பக்கம் கேட்டால்தான் பதில் சொல்லும். சர்வர் தானாக முன்வந்து உலாவிக்கு எதையும் அனுப்ப முடியாது. அதனால் தொடக்க காலச் சாட் பக்கங்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை புதிதாக ஏதும் உண்டா என்று சர்வரிடம் கேட்டுக்கொண்டே இருந்தன. 2011 டிசம்பரில் வெப்சாக்கெட் தரப்படுத்தப்பட்டபின், ஒருமுறை திறந்த இணைப்பின் வழியே இரு பக்கமும் விரும்பியபோது பேசலாம் என்றாயிற்று. அந்த இணைப்பைத் திறப்பது, அறுந்தால் மீண்டும் கட்டுவது, ஆளை அடையாளம் காண்பது, பழைய செய்திகளை எடுத்துத் தருவது ஆகியவைதான் ஒரு செய்தி லைப்ரரியின் வேலை. இன்று கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பார்க்கலாம். முதல் வகை, ஒரு நிறுவனம் தன் சர்வரோடு சேர்த்து வாடகைக்குத் தரும் சாட் சேவை. இரண்டாவது, வாட்ஸ்அப் போன்ற பெரிய செயலிகளின் அதிகாரப்பூர்வ வணிக இணைப்பு. மூன்றாவது, அதே செயலிகளை அனுமதியில்லாமல் பின்வாசல் வழியாக இயக்கும் லைப்ரரிகள். நான்காவது, எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் போன்ற திறந்த நெறிமுறைகளைப் பேசும் லைப்ரரிகள்.

மண்டிக்கு வரும் செய்தி நண்பர்களின் பேச்சைப் போன்றதன்று. பத்து மூட்டை சின்ன வெங்காயம் வேண்டும் என்று பாலக்காட்டு வியாபாரி அனுப்புகிறார். வண்டி மலைப்பாதையில் இருக்கும்போது சிக்னல் விட்டு விட்டு வருகிறது. செய்தி சர்வருக்குப் போய்விட்டது, ஆனால் போய்ச் சேர்ந்தது என்ற பதில் திரும்பவில்லை. அவருடைய உலாவி அதே செய்தியை மறுபடி அனுப்புகிறது. கவனமில்லாமல் எழுதப்பட்ட செயலியில் இது இருபது மூட்டையாகப் பதியும். இதைத் தடுக்கும் வழி எளிமையானது, ஆனால் முதல் நாளே வடிவமைப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் அனுப்புகிறவரின் உலாவியே ஒரு தனி அடையாள எண்ணை இட வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் அதைப் புதிய செய்தியாகக் கொள்ளக் கூடாது. செய்தி முதலில் கைப்பேசியின் உள்ளூர்ச் சேமிப்பில் எழுதப்பட்டு, சர்வர் ஒப்புக்கொண்டபின்னரே அனுப்பப்பட்டதாகக் காட்டப்பட வேண்டும். எது முன், எது பின் என்பதைக் கைப்பேசியின் கடிகாரத்தை நம்பாமல் சர்வர் இடும் வரிசையைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும். ஏனென்றால் ‘கிலோ முப்பது’ என்ற செய்தியும் ‘சரி, ஏற்றிவிடுங்கள்’ என்ற செய்தியும் இடம் மாறினால் வழக்கே மாறிவிடும். எக்ஸ்எம்பிபி உலகில் இவை ஒவ்வொன்றுக்கும் வெளியிடப்பட்ட விரிவாக்கங்கள் உண்டு. இணைப்பு அறுந்தாலும் விடுபட்டதை எண்ணிப் பிடிக்க 0198 எண் கொண்டது, சர்வரில் பழைய செய்திகளைக் காத்துத் தேடித்தர 0313 எண் கொண்டது. வாடகைச் சாட் சேவைகளில் சிலவும் இவற்றை நன்றாகவே செய்கின்றன. ஆனால் அங்கே செய்திகளின் மூலப்படி அவர்களுடைய சர்வரில் இருக்கும், கடைக்காரரிடம் இருப்பது பார்க்கும் உரிமை மட்டும்.

அந்த உரிமை எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு வரலாறு தெளிவான சான்று தருகிறது. 1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் அறிவித்த ஜாபர் என்ற முயற்சி 2004-ல் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இணையத் தரமாயிற்று. 2005-ல் தொடங்கிய கூகுள் டாக் அந்த நெறிமுறையின் மேல்தான் எழுந்தது. 2006-ல் வேறு சர்வர்களோடு பேசும் கதவையும் திறந்தது. 2013-ல் கூகுளின் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு மூடத் தொடங்கியது. 2022 ஜூனில் வெளி மென்பொருள் வழியாக கூகுள் டாக்கை அணுகும் கடைசி வழியும் நின்றது. ஃபேஸ்புக் 2010-ல் தன் சாட்டுக்கு எக்ஸ்எம்பிபி வாசலைத் திறந்து 2015-ல் அடைத்தது. நிரலாளர்களுக்கென்றே விற்கப்பட்ட டிவிலியோவின் புரோகிராமபிள் சாட் 2022 ஜூலையோடு முடிவுக்கு வந்தது. பயன்படுத்தியவர்கள் அதே நிறுவனத்தின் வேறொரு சேவைக்கு நிரலை மாற்றி எழுத வேண்டியிருந்தது. இவற்றில் எதையும் துரோகம் என்று சொல்ல நான் வரவில்லை. நிறுவனங்கள் தங்கள் கணக்குப்படி முடிவெடுக்கின்றன, அது அவற்றின் உரிமை. கவனிக்க வேண்டியது, மூடலின்போது யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதைத்தான். கூகுள் கதவை மூடியபோதும் எக்ஸ்எம்பிபி சாகவில்லை. சொந்த சர்வர் வைத்திருந்தவர்களின் பழைய செய்திகளும் பயனர் பட்டியலும் அப்படியே இருந்தன. மூடிய சேவையின் லைப்ரரியை மட்டும் நம்பியவர்கள்தான் புதிதாகத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் எழும் மறுப்பு வலுவானது. மண்டியிலிருந்து மலர்ச்சந்தை வரை எல்லார் கையிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. கடைக்காரரின் இணையச் செயலிக்குள் வந்து யார் பேசப்போகிறார்கள்? ஆள் இல்லாத இடத்தில் நெறிமுறை எவ்வளவு திறந்திருந்து என்ன பயன்? இதை ஏற்காமல் எழுதுவது நேர்மையாகாது. சென்னை மெட்ரோ 2023 மே மாதத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பயணச்சீட்டு தரத் தொடங்கியதும், ஆந்திர அரசு 2025 ஜனவரி 30-ல் 161 சேவைகளோடு மன மித்ரா என்ற வாட்ஸ்அப் சேவையைத் தொடங்கியதும் மக்கள் இருக்கும் இடத்துக்கே சேவை போக வேண்டும் என்ற சரியான எண்ணத்தில்தான். ஆனால் வாட்ஸ்அப்பை ஒரு வாசலாக வைப்பது வேறு, கணக்குப் பேரேட்டையே அங்கே வைப்பது வேறு. அதன் வணிக இணைப்பில் வாடிக்கையாளர் கடைசியாகப் பேசிய 24 மணி நேரத்துக்குள்தான் கடைக்காரர் விரும்பியபடி எழுதலாம். அதற்குப்பின் முன்கூட்டி ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்தியைத்தான் அனுப்ப முடியும். கட்டண முறை 2025 ஜூலை 1 முதல் உரையாடலுக்கு இவ்வளவு என்பதிலிருந்து செய்திக்கு இவ்வளவு என்று மாறியது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் பழைய முறை அதே ஆண்டு அக்டோபரில் நிறுத்தப்பட்டு, வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் கிளவுடே ஒரே வழியாயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் பிணையக் கோளாறால் வாட்ஸ்அப் நின்றபோது, இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குமேல் தொடங்கி விடியற்காலைவரை ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் செய்தி நகரவில்லை. கேரளத்துக்குச் சரக்கு வண்டிகள் ஓடும் நேரமும் பூ பறிக்கக் கிளம்பும் நேரமும் அதுதான். ஆகவே செய்தி முதலில் செயலியின் தரவுத்தளத்தில் பதியட்டும், அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கோ குறுஞ்செய்திக்கோ உலாவிக்கோ போகட்டும். வாட்ஸ்அப்பில் வரும் பதிலும் அதே தரவுத்தளத்துக்கு வந்து சேரட்டும். இப்படிக் கட்டினால் ஒரு வாசல் அடைபடும் நாளில் மற்ற வாசல்கள் இருக்கும், பேரேடும் கையில் இருக்கும்.

மூன்றாம் வகை லைப்ரரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப் வெப் பக்கத்தைப் போல நடித்துச் செய்தி அனுப்பும் இலவச லைப்ரரிகள் சிறு கடைகளுக்கு மலிவாகத் தெரிகின்றன. அவற்றைப் பயன்படுத்தும் எண்ணை வாட்ஸ்அப் எந்த நாளும் தடைசெய்யலாம், தடை விழுவது பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் அறிந்த எண்ணின் மேல். இவ்வகை லைப்ரரி ஒன்றின் போலி நகல் செய்திகளைத் திருடியதாக 2025 டிசம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். வேண்டாம் என்பதே என் முடிவு.

சாட் பெட்டி என்பது வேறொருவர் எழுதிய நிரல், அது நம் பக்கத்துக்குள் நம் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. இதன் பொருள் என்ன என்பதை டிக்கெட் விற்பனை நிறுவனமான டிக்கெட்மாஸ்டரில் நடந்த திருட்டு கற்றுத்தந்தது. அந்த நிறுவனம் இன்பென்டா என்ற நிறுவனத்தின் சாட் நிரலைத் தன் பணம் செலுத்தும் பக்கத்திலும் சேர்த்திருந்தது. திருடர்கள் டிக்கெட்மாஸ்டரை நேரடியாகத் தொடவில்லை, சாட் நிரலை மாற்றினார்கள். 2018-ல் வெளிவந்த இந்தத் திருட்டில் ஐரோப்பாவில் 94 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. 2020 நவம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தபோது, அது சாட் நிரல் எழுதியவர் மேல் விழவில்லை, அதைச் சேர்த்தவர் மேல் விழுந்தது. பாலிஃபில் என்ற முகவரி கைமாறியபின், 2024 ஜூனில் அதிலிருந்து நிரல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் தீய நிரல் புகுந்தது. எந்த லைப்ரரியானாலும் அதன் குறிப்பிட்ட பதிப்பை இறக்கி நம் சர்வரிலிருந்தே தர வேண்டும். வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் நிரல் மாறவில்லை என்பதை உறுதிசெய்யும், 2016-லேயே தரமாகிவிட்ட நேர்மைச் சரிபார்ப்புக் குறியீட்டை இட வேண்டும். பணம் செலுத்தும் பக்கத்தில் சாட் பெட்டி வைக்கவே கூடாது. திறந்த மூல லைப்ரரிகளுக்கும் இந்த ஆபத்து உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் அவற்றைப் பதிப்பு பூட்டி நம்மிடமே வைத்துக்கொள்ள முடியும். நிமிடத்துக்கு நிமிடம் வெளி முகவரியிலிருந்து மாறிவரும் மூடிய சாட் பெட்டிக்கு அந்தக் காப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

தமிழ் என்று வரும்போது லைப்ரரித் தேர்வு இன்னொரு சோதனையைச் சந்திக்கிறது. நம் எழுத்து கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கிறது. திண்டுக்கல் என்பது நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 11 குறியீடுகள். செய்தியின் முன்னோட்டத்தை இத்தனை குறியீடு என்று வெட்டும் லைப்ரரி புள்ளியைப் பிரித்துவிட்டு மெய்யை உயிர்மெய்யாக்கிக் காட்டும். ஆயக்குடிக் கொய்யாவுக்கு வந்த பழைய ஆர்டரைத் தேடினால் சில கைப்பேசிகளிலிருந்து வந்தவை கிடைக்காமல் போகலாம். கொ என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சேமிக்கும் முன் யூனிகோடு இயல்பாக்கம் செய்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்று லைப்ரரி எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறுஞ்செய்தியில் தமிழின் நிலை இன்னும் கடினம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள், தமிழில் 70 குறியீடுகள். நீண்டு பிரிந்தால் துண்டுக்கு 67. விலையும் அளவும் வண்டி எண்ணும் சேர்ந்தால் ஒரு செய்திக்கு இரண்டு மூன்று துண்டுகளின் கட்டணம் ஆகிவிடும். போதாததற்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி அனுப்புநர் தலைப்பும் செய்தி வார்ப்பும் முன்பதிவாக வேண்டும். 2021 மார்ச் 8-ல் அந்தச் சரிபார்ப்பு அமலானபோது வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்களே சிக்கிக்கொண்டு, டிராய் அதை ஏழு நாள் நிறுத்தி வைக்க நேர்ந்தது. குறுஞ்செய்தியைக் கடைசித் துணையாக வைத்துக்கொள்ளலாம், அடித்தளமாக வைக்க முடியாது. இவற்றோடு குரல்பதிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டச்சைவிடப் பேச்சு எளிது என்பவர்கள் நிறைந்த சந்தையில் குரல் அனுப்ப முடியாத சாட் பெட்டி பாதிப் பேரை வெளியே நிறுத்துகிறது.

அப்படியானால் சர்வரை யார் நடத்துவது என்பது அடுத்த மறுப்பு. பூட்டுப் பட்டறைக்காரரோ கமிஷன் கடைக்காரரோ அதைச் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் சுமை நினைப்பதைவிடச் சிறியது. புரோசடி போன்ற எக்ஸ்எம்பிபி சர்வர் சில நூறு பேருக்கு மாத வாடகையில் கிடைக்கும் சிறு மெய்நிகர் கணினியிலேயே ஓடும். பெரிய அளவு வேண்டுமென்றால் ஈஜாபர்டி இருக்கிறது. வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் அதை மாற்றியமைத்துத்தான் வளர்ந்தது. உலாவிப் பக்கத்துக்கு, எல்லாவற்றையும் நாமே வடிவமைக்க விரும்பினால் ஸ்ட்ரோஃபி என்ற சிறிய லைப்ரரி, ஆயத்தச் சாட் பெட்டி வேண்டுமென்றால் கான்வர்ஸ். 2014-ல் வந்த மேட்ரிக்ஸ் இவற்றைவிட வசதியானது. பிரெஞ்சு அரசின் சாப் செயலியும் ஜெர்மன் ராணுவத்தின் செய்திச் செயலியும் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அதன் சினாப்ஸ் சர்வர் நினைவகத்தை அதிகம் கேட்கிறது, சிறு கடைக்கு அது மிகை. திண்டுக்கல்லுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. ஊரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கிராமத்துக்குப் பயன்படும் கல்விக்கென்றே 1956-ல் தோன்றிய காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு வணிகர் சங்கம் ஒரு சர்வரை வைத்துக்கொண்டு, அதன் பராமரிப்பை இத்தகைய கல்லூரி ஒன்றோடு சேர்ந்து பார்த்துக்கொள்வது செய்யமுடியாத காரியமன்று. ஒரு கடைக்கு ஒரு சர்வர் தேவையில்லை, ஒரு சந்தைக்கு ஒன்று போதும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு மறுப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் 2016 முதல் முழுமையான இருமுனை மறையாக்கம் இருக்கிறது, நம் சிறு சர்வரில் அது உண்டா என்று கேட்கலாம். எக்ஸ்எம்பிபியிலும் ஓமெமோ என்ற மறையாக்கம் உண்டு. ஆனால் உலாவிக்குள் ஓடும் எந்தச் சாட் பெட்டியிலும் மறையாக்க நிரலையே ஒவ்வொரு முறையும் சர்வர்தான் அனுப்புகிறது. சர்வரை நம்பாதவருக்கு அந்த மறையாக்கம் முழுக் காப்பாகாது. கடையோடு பேசும் வாடிக்கையாளர் கடையை நம்பித்தான் பேசுகிறார், கடை அந்தச் செய்தியைப் படித்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப் கிளவுட் இணைப்பிலும் செய்தி கடைக்காக மெட்டாவின் சர்வரில் கையாளப்படுகிறது. எனவே வணிகச் செய்தியில் உண்மையான காப்பு, தேவையான தரவை மட்டும் வைத்திருப்பதும், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று சொல்வதும்தான். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவையான தரவை மட்டும் வைத்திருந்து, தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். ஒப்புதல் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு, தமிழும் அதில் அடக்கம். அழித்துவிடுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது செய்திகள் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இருந்தால் கடைக்காரர் யாரிடம் போய் நிற்பார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

2016-ல் வந்த யுபிஐ ஒரு பெரிய உண்மையை நாட்டுக்குக் காட்டியது. ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர் ஒரு செயலியிலும் கோட்டயத்து வியாபாரி வேறொரு செயலியிலும் இருந்தாலும் பணம் தடையின்றிக் கடக்கிறது. அதே இருவருக்கிடையே ஒரு வரிச் செய்தி மட்டும் செயலி விட்டுச் செயலி கடக்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் பெரிய செய்திச் செயலிகள் மற்றவற்றோடு பேச வேண்டும் என்று 2024 மார்ச் முதல் கட்டாயப்படுத்தியது. அதன் விளைவாக 2025 நவம்பரில் வாட்ஸ்அப் அங்கே இரண்டு சிறு செயலிகளை இணைப்பதாக அறிவித்தது. 2021-ல் ஜோஹோ தொடங்கிய அரட்டை செயலி 2025 செப்டம்பரில் நாடெங்கும் பேசப்பட்டபோது, செய்திச் சேவைகளும் யுபிஐ போல, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்று ஜோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பொதுவெளியில் சொன்னார். அது நடந்தால் பெரும் நன்மை. நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் நெறிமுறைகள் ஏற்கெனவே இருக்கின்றன.

எனவே இந்த மாவட்டத்தின் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் செயலி எழுதும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சாட் லைப்ரரியைச் சேர்க்கும் முன் மூன்று சோதனைகள் செய்துபாருங்கள். இணைப்பைப் பாதியில் அறுத்து, ஒரே ஆர்டர் இருமுறை பதிகிறதா என்று பாருங்கள். கொய்யா என்று இருவிதமாகத் தட்டச்சு செய்து தேடிப்பாருங்கள். லைப்ரரியை நீக்கிவிட்டுக் கடந்த ஆறு மாதச் செய்திகள் கடைக்காரரின் தரவுத்தளத்தில் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவதில் தோற்கும் லைப்ரரியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், சேர்க்காதீர்கள்.